வரலாற்று விளையாட்டில் விதியும் மதியும்
(மன்றத்தின் ஆண்டுவிழாவில் நிகழ்த்திய உரை)



மாமாங்கேசுவரப் பெருமானின் திருவருளை முன்னிட்டு எமது உரையைத் தொடங்குகின்றோம். நாம் எடுத்துக்கொண்ட பொருள் கணினி விளையாட்டு. ஆண்டுவிழா மேடையிற் பேசுதற்கு இதுவும் ஒரு பொருளா என்று பெரியோர்கள் முகஞ் சுளித்தல் கூடும். சற்றே பொறுத்தருளுங்கள். இப்பொருள் ஈற்றில் ஊழைப் பற்றியது. ஆதலால் அனைவர்க்கும் உரியதே.

இளைஞர் விரும்பியாடும் கணினி விளையாட்டுக்களுள் ஒருவகை, ஆடுவோனை ஒரு நாட்டின் அரசனாக்கி உலகப்படத்தின் முன் இருத்துவது. வரி, கப்பல், படை, சமயம், மண உறவு யாவும் அவன் பொறுப்பு. இவ்வகையிற் பெயர்பெற்றது, சுவீடன் நாட்டுப் பரடொக்ஸ் நிறுவனத்தார் 2000ஆம் ஆண்டில் முதன்முதல் வெளியிட்ட 'யூரோப்பா யூனிவர்சாலிஸ்'. 2013இல் வந்த அதன் நான்காம் பாகம், 1444ஆம் ஆண்டு நவம்பர் 11ஆம் நாளில் ஆட்டத்தைத் தொடங்குகின்றது. அக்காலத்தில் கோட்டை இராச்சியத்தை ஆறாம் பராக்கிரமபாகு ஆண்டான். போர்த்துக்கேயர் இலங்கைக் கரையைக் காண்பதற்கு இன்னும் அறுபது ஆண்டுகள் இருந்தன.

வழக்கு இங்கேதான் எழுகின்றது. மெய்யான வரலாற்றில் அவர்கள் 1505இல் வந்தார்கள். விளையாட்டிலும் வந்தே தீரவேண்டுமா? தீரவேண்டுமென்றால் ஆடுவோன் எதற்கு? வேண்டியதில்லையென்றால் அது வரலாறு ஆவது எங்ஙனம்?

அந்நிறுவனத்தாரே இரண்டு பக்கமும் சாய்ந்து பார்த்தவர்கள். 2001இல் வந்த இரண்டாம் பாகத்தில், நூல்களிற் கண்ட அரசர்களும் நிகழ்ச்சிகளும் பெரும்பாலும் குறித்த ஆண்டிலேயே தோன்றினர். 2007இல் வந்த மூன்றாம் பாகத்தில் அக்கட்டைத் தளர்த்தினர். வரலாற்றின் மணமே போய்விட்டதென்று சிலர் குறைகூறினர். நான்காம் பாகத்தில் நடுவழி கண்டனர்: ஒரு நிகழ்ச்சிக்கு வேண்டிய சூழ்நிலைகள் கூடினாலே அது நிகழும், கூடாவிடின் நிகழாது.

இவ்வேறுபாடு நம்மவர்க்குப் புதிதன்று. கூத்துக் களரியில் பாரதம் ஆடப்படும்பொழுது துரியோதனன் வீழ்வான் என்பதைக் குழந்தையும் அறியும். அண்ணாவியார் நினைத்தாலும் அதனை மாற்றார். கண்ணகையம்மன் வழிபாட்டோடு நடக்கும் கொம்புமுறி விளையாட்டோ வேறு. வடசேரியும் தென்சேரியும் கொம்புகளைக் கொளுவி இழுக்கும்பொழுது, எதன் கொம்பு முறியுமென எவரும் அறியார். ஆயினும் அங்கும் கட்டுப்பாடு உண்டு. கொம்பின் வலிமையும் விளையாட்டின் முறையும் இழுப்பவன் விருப்பத்துக்கு வளைவன அல்ல. அப்படியாயின் வரலாறு கூத்துப் போன்றதா, கொம்புமுறி போன்றதா?

விடைக்கு வெகுதூரம் போகவேண்டியதில்லை. நமது வாவிக்கரையே சான்று பகரும். 1602இல் ஸ்பில்பேர்கன் என்னும் ஒல்லாந்தத் தளபதி மட்டக்களப்பில் வந்திறங்கி, கண்டிக்குச் சென்று விமலதருமசூரிய மன்னனைக் கண்டான். மன்னன் போர்த்துக்கேயரைத் துரத்தத் துணை தேடினான். ஒல்லாந்தர் வாணிகம் தேடினர். இருவர் நலனும் பொருந்தியது. நலன்களே வரலாற்றை நடத்துமாயின் கூட்டுப்போர் அடுத்த ஆண்டே மூண்டிருக்கவேண்டும். நடந்ததோ வேறு. 1603இல் வந்த டி வேர்ட் என்னும் தளபதி, தான் பிடித்த கப்பல்களிலிருந்த போர்த்துக்கேயரை விடுதலை செய்தான். மன்னன் ஐயங்கொண்டான். தன் கப்பலுக்கு வருமாறு அவன் மன்னனை அழைக்க, வாக்குவாதம் முற்றி, மட்டக்களப்புப் பகுதியிலேயே அவனும் உடன்வந்தோர் பலரும் கொலையுண்டனர். உறவு முறிந்தது.

பின்னர் 1628இல் போர்த்துக்கேயர் புளியந்தீவிற் கோட்டை கட்டினர். இரண்டாம் இராசசிங்கன் பழவேற்காட்டிலிருந்த ஒல்லாந்தரோடு மீண்டும் தொடர்புகொண்டான். 1638 மே 18இல் அக்கோட்டை வீழ்ந்தது. முப்பத்தைந்து ஆண்டுகளாக அதே வாவி, அதே பருவக்காற்று, அதே கறுவா, ஆட்டப்பலகை மாறவில்லை. மாறியது ஆடினோரின் செயல். வீழ்ந்த கோட்டைகளில் எவர் படை தங்குவது என்பதில் மன்னனும் ஒல்லாந்தரும் முரண்பட்டனர். இஞ்சியைக் கொடுத்து மிளகாயை வாங்கிய கதையாயிற்றெனச் சிங்கள மக்கள் இன்றும் பழமொழி கூறுவர்.

ஆயின், எல்லாம் மனிதன் விருப்பமே என்றும் கூறிவிடலாகாது. போர்த்துக்கேயரைக் கடலில் எதிர்க்கவல்ல கப்பற்படை கண்டி மன்னனிடம் இருந்ததில்லை. எந்த வீரமும் அதனை ஓரிரவில் உண்டாக்கியிராது. பத்தாண்டிற் கண்டியரசன் லிஸ்பனைப் பிடிக்கவிடும் விளையாட்டு வெறுங்கனவு. கண்டியரசன் எது செய்தாலும் 1815இல் வீழ்ந்தே தீருவான் என்னும் விளையாட்டும் பொய்யே.

நமது சைவ சித்தாந்தம் இதனை என்றோ வகுத்து வைத்துள்ளது. ஈட்டிக் குவித்த வினை சஞ்சிதம். அதில் இப்பிறப்பில் நுகரவந்தது பிராரத்தம். இன்று புதிதாய் ஈட்டுவது ஆகாமியம். பிராரத்தம் நமக்கு வாய்த்த ஆட்டப்பலகை. ஆகாமியம் நாம் நகர்த்தும் காய். வள்ளுவரும் ஊழுக்கு ஓர் அதிகாரம் வகுத்தார். ஆள்வினையுடைமைக்கும் ஓர் அதிகாரம் வகுத்தார். ஒன்றைக் கிழித்தெறிந்து மற்றதைப் படிப்போர் குறளைப் படித்தவராகார். மிசன் பள்ளியிற் பயின்ற நாம் இன்னொன்றும் அறிவோம். ஒல்லாந்தரின் திருச்சபை, மீட்படைவோரைக் கடவுள் முன்னரே தெரிந்துகொண்டார் என்னும் கொள்கையை 1618-19இல் டோர்ட் நகர்ச் சங்கத்தில் உறுதிசெய்தது. அக்கொள்கையினர் வீட்டில் முடங்கிக் கிடந்தனரா? இருபது ஆண்டுக்குள் பீரங்கிகளோடு நமது வாவிமுகத்தில் நின்றனர்.

இஃது ஏட்டுச்சுரைக்காய் அன்று. 2004 டிசம்பர் 26இல் கடல் எழுந்து நமது கரையை அழித்தது. கடலடி நிலம் பிளந்ததை எவராலும் தடுத்திருக்க இயலாது. அதனை ஊழ் என்போம். ஆனால் சுமாத்திராவருகே எழுந்த அலை நம்மை அடைய ஏறக்குறைய இரண்டு மணித்தியாலம் சென்றது. பசிபிக் கடலுக்கு அன்று எச்சரிக்கை முறை இருந்தது. இந்து சமுத்திரத்துக்கு இல்லை. அந்த இரண்டு மணித்தியாலம் ஊழ் அன்று. அது மனிதர் ஆடத் தவறிய முறை. அழிவுக்குப் பின்னரே நாடுகள் கூடி எச்சரிக்கை முறையை அமைத்தன. "எல்லாம் விதி" என்று அன்றே கைகட்டியிருந்தால் அதுவும் அமைந்திராது.

ஆகவே இளைஞர்களே, விளையாடுங்கள், அளவோடு விளையாடுங்கள். தோற்றால் பலகையை மாத்திரம் நோகாதீர்கள். வென்றால் உங்கள் மதியை மாத்திரம் மெச்சாதீர்கள். பெரியோர்களே, பிள்ளை கணினிமுன் இருக்கக் கண்டால், "1638இல் இராசசிங்கன் இடத்தில் நீ இருந்தால் ஒல்லாந்தரை நம்பியிருப்பாயா?" என்று கேளுங்கள். அவன் விடைகூறத் தொடங்குவானாயின், நமது ஊரின் வரலாற்றைச் சொல்லிக்கொடுக்க அதுவே தக்க வேளை. அதன்பின், நாளை இந்த மன்றத்திலும் ஊரிலும் எவை நம் கையில் உள்ளன, எவை இல்லை என்று அவனோடு சேர்ந்து எண்ணிப் பாருங்கள். நம் கையில் உள்ளவை நாம் நினைப்பதிலும் பல என்பதே எமது துணிபு.