நெஞ்சுவலியும் அரைப்பெயரும்



மாரடைப்பு வந்து பிழைத்தவர், நான்காம் நாள் எழுந்திருந்து கஞ்சி குடிக்கையில் திடீரெனச் சாய்வதுண்டு. "கண்பட்டுவிட்டது" என்கிறோம். அவற்றுட் சில, இருதயம் கிழிந்ததால் நேரும் சாவுகள்.

இரத்தம் எட்டாத தசை சாகிறது. செத்த தசை சில நாளில் இளகுகிறது. உள்ளே அழுத்தமோ ஓய்வதில்லை. வெளிச்சுவர் கிழிந்தால், இருதயத்தைச் சுற்றிய உறைக்குள் இரத்தம் நிரம்பி அதனை நெருக்கும். பெரும்பாலும் நிமிடங்களில் உயிர் போகும். இடது, வலது அறைகளின் நடுச்சுவர் கிழிந்தால் சற்று அவகாசமுண்டு.

அந்த நடுச்சுவரைத் தைத்த செய்தியை அமெரிக்க வைத்தியர் டென்டன் கூலி குழுவினர் 1957-இல் வெளியிட்டனர். எப்போது தைப்பது என்பதே இன்றும் சிக்கல். புதிதாய்ச் செத்த தசை நனைந்த கடதாசி போன்றது, தையல் நில்லாது. இவ்விதம் தைக்கப்பட்ட 2,876 பேரைப் பற்றி 2012-இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வில், நூற்றுக்கு 43 பேர் மாண்டனர். மாரடைப்பு வந்து ஏழு நாளுக்குள் தைத்தபோது 54, பிந்தித் தைத்தபோது 18. காத்திருப்பதே நலம் என எண்ணிவிடாதீர்கள்! தாங்கமாட்டாதவர் காத்திருந்த நாளிலேயே மாண்டுபோக, திடமானவரே எஞ்சினர். சத்திர சிகிச்சையின்றி மருந்தோடு விடப்பட்டவருள் ஒரு மாதத்தில் நூற்றுக்கு 94 பேர் மாண்டதை 2000-இல் வந்த மற்றோர் ஆய்வு காட்டிற்று.

ஆபத்து யாருக்கு அதிகம்? முதியோர், பெண்கள், முதன்முறை மாரடைப்புக் கண்டோர், இரத்த அழுத்தமுள்ளோர், வைத்தியம் பிந்தியோர். இதை வாசிக்கையில் நம் லயத்து அப்பாயிமாரே நம் கண்முன் வந்தனர். வலி வந்தால் "வாயு" என்று ஓமத்தண்ணீர் குடித்துவிட்டுப் பெரட்டுக்குப் போவார்கள். மத்தியானம் மலையை விட்டிறங்கினால் அரைப்பெயர்தான் விழும். அதைப் பேராசை என்று மேடையேறிச் சொல்ல நமக்கு மனமில்லை. அரைப்பெயர் என்றால் அரை உலைதானே.

அடைப்பைக் கரைக்கும் ஊசி வருமுன், மாரடைப்புக் கண்டோருள் நூற்றுக்கு ஒன்றிரண்டு பேருக்கு நடுச்சுவர் கிழிந்தது. ஊசி பெற்றோரை ஆராய்ந்தபோது அது ஐந்நூற்றில் ஒருவராய்க் குறைந்திருந்தது. கிழிந்த இருதயத்தோடு லுணுகலையிலிருந்து கண்டிக்கோ கொழும்புக்கோ போய்ச் சேர்வது எளிதன்று. கிழியுமுன் பதுளை வைத்தியசாலைக்கு வரலாம். 1990-க்கு அழைத்தால் அம்புலன்ஸ் இலவசமாய் வரும்.

அந்த இலக்கத்தையும், வாகனம் வைத்திருப்போர் பெயர்களையும் லயந்தோறும் எழுதி ஒட்டும் வேலையை இளைஞர் நாம் இம்மாதமே தொடங்குவோம். நெஞ்சுவலியென்று இறங்கியவருக்கு முழுப்பெயர் போடும்படி துரைமாரைக் கேட்பது, பெரியோர்களே, உங்களால் ஆகவேண்டிய காரியம்.