போதும் என்பதை யாருக்குச் சொல்வது?

இந்திய அரசின் வீட்டு நுகர்வுச் செலவுக் கணக்கெடுப்பு 2022-23ஆம் ஆண்டுக்கு ஒரு விவரம் தருகிறது. கேரளக் கிராமங்களில் ஒருவருடைய மாதச் செலவு சராசரியாக 5,924 ரூபாய். இந்தியக் கிராமங்களின் சராசரி 3,773 ரூபாய்தான். கேரள நகரங்களில் அது 7,078 ரூபாய். கிராமத்துக்கும் நகரத்துக்கும் உள்ள வித்தியாசம் இங்கே ஆயிரத்துச் சொச்சம் ரூபாயில் முடிந்துவிடுகிறது. பொன்முடி மலைக்குக் கீழே இருக்கிற விதுராவில் வாழ்கிறவரும் திருவனந்தபுரம் நகரத்தில் வாழ்கிறவரும் ஒரே விளம்பரத்தைத்தான் பார்க்கிறார்கள், ஒரே பொருளுக்குத்தான் ஆசைப்படுகிறார்கள். செலவு கூடுவதைக் குற்றமாகச் சொல்லவில்லை. பிள்ளைகளின் படிப்பும் வயதானவர்களின் மருந்தும் அந்தக் கணக்கில்தான் இருக்கின்றன. ஆனால் அதே 2022-23இல் இந்தியக் குடும்பங்களின் நிகர நிதிச் சேமிப்பு, நாட்டின் மொத்த உற்பத்தியில் சுமார் 5 சதவீதமாக இறங்கியது. பல பத்தாண்டுகளில் இவ்வளவு குறைந்ததில்லை. சேமிப்பு இறங்க, கடன் ஏறியது. கையில் உள்ளதைச் செலவழித்த காலம் போய், அடுத்த ஆண்டு வரப்போகும் சம்பளத்தை இந்த ஓணத்துக்கும் கிறிஸ்துமஸுக்கும் தவணையில் செலவழிக்கிற காலம் வந்திருக்கிறது.

இந்தச் சூழலில் கிறிஸ்தவ விசுவாசம் என்ன சொல்கிறது? மனநிறைவைப் பற்றி வேதாகமத்தில் அதிகம் எடுத்துக்காட்டப்படும் பகுதி, பவுல் பிலிப்பி சபைக்கு எழுதிய கடிதத்தின் கடைசி அதிகாரம். அவர் காவலில் இருந்தபடி அதை எழுதினார். பிலிப்பியர் எப்பாப்பிரோதீத்துவிடம் கொடுத்தனுப்பிய உதவி வந்து சேர்ந்திருந்தது. அதற்கு நன்றி சொல்லும் இடத்தில்தான், குறைவிலும் நிறைவிலும் மனரம்மியமாக இருக்கத் தாம் கற்றுக்கொண்டதாகச் சொல்கிறார். இரண்டு விஷயங்களைக் கவனிக்க வேண்டும். பிறவியிலேயே தமக்கு அமைந்த குணமென்று அவர் அதைச் சொல்லவில்லை, பழகிப் பெற்றது என்கிறார். அடுத்து, தம்மைப் பற்றித்தான் சொல்கிறார். இல்லாதவர்களைப் பார்த்து உங்களுக்கு இருப்பது போதும் என்று அவர் சொல்லவில்லை. எருசலேமின் ஏழைகளுக்காகச் சபை சபையாகப் பணம் திரட்டியவர் அதே பவுல். போதும் என்பது ஒருவர் தமக்குத்தாமே போட்டுக்கொள்ளும் எல்லை. அதை எடுத்து அடுத்தவர் மேல் போட்டால் அது விசுவாசம் ஆகாது, அநியாயம் ஆகும். இன்று நான் சொல்ல வந்தது இதுதான்.

இதைச் சொல்லக் காரணம், மனநிறைவுப் பிரசங்கத்துக்கு எதிராக வரும் முதல் ஆட்சேபம் மிகவும் வலுவானது என்பதுதான். ஏழைகளை அடங்கி இருக்கச் செய்வதற்குப் பணக்காரர்கள் கண்டுபிடித்த உபதேசம் இது என்கிறார்கள். வரலாற்றில் அப்படி நடந்திருக்கிறது என்பதை மறுக்க முடியாது. அகத்தியர்கூடம் மலைக்கு ஏறும் வழியில், விதுராவுக்கு மேலே போணக்காடு தேயிலைத் தோட்டம் இருக்கிறது. வெள்ளைக்காரர் காலத்தில் தொடங்கிய தோட்டம். கொழுந்து பறிக்க வந்தவர்களில் தமிழர்கள் ஏராளம். தோட்டம் நொடித்து, தொழிற்சாலை நின்று, சம்பளப் பாக்கிக்கும் கிராஜுவிட்டிக்கும் குடும்பங்கள் ஆண்டுக்கணக்கில் காத்துக் கிடந்தன. ஒழுகும் கூரையும் விரிசல் விட்ட சுவருமாக நிற்கிற லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீட்டில், இருப்பவரிடம் போய், உள்ளதைக் கொண்டு திருப்தியாக இருங்கள் என்று பிரசங்கிக்கலாமா? கூடாது. யாக்கோபு நிருபத்தின் ஐந்தாம் அதிகாரத்தில், வயலை அறுத்தவர்களுக்குக் கொடுக்காமல் பிடித்துவைத்த கூலி கூக்குரலிடுகிறது என்றும், அந்தக் கூக்குரல் கடவுளின் செவிக்கு எட்டிவிட்டது என்றும் எழுதியிருக்கிறது. கூலி பாக்கி இருக்கும் இடத்தில் வேதம் யாருக்கு எதிராகப் பேசுகிறது என்பதில் சந்தேகமே இல்லை.

தெற்குத் திருவிதாங்கூரின் சபைகளுக்கு இது நன்றாகத் தெரிந்த பாடம். நாடார் பெண்கள் மார்பை மறைத்துக்கொள்ள உரிமை கேட்ட தோள்சீலைப் போராட்டத்தில் துணிதான் வழக்குப் பொருள். கிறிஸ்தவர்களான பெண்கள் குப்பாயம் என்ற மேற்சட்டை அணிந்தார்கள். சந்தையிலும் வழியிலும் அது கிழித்தெறியப்பட்டது. 1829இல் வந்த அரச ஆணை அவர்கள் மேல்துணி போடும் உரிமையைக் கட்டுப்படுத்தியது. கலவரங்களுக்குப் பிறகு, 1859இல் உத்திரம் திருநாள் மகாராஜாவின் பிரகடனம் ஒரு வகையில் அனுமதி தந்தது. அப்போதும் மேல்சாதிப் பெண்களைப் போல உடுத்தக் கூடாது என்ற நிபந்தனை இருந்தது. அந்தப் பெண்களிடம் அன்றைய ஊர் வழக்கம் சொன்னதும் இதே வார்த்தைதான்: உனக்கு உள்ளது போதும். அவர்கள் ஒத்துக்கொள்ளவில்லை. அவர்கள் கேட்ட ஒரு முழத் துணிக்கும், அலமாரி நிறைந்த பிறகும் வாங்குகிற இன்னொரு புடவைக்கும் உள்ள வித்தியாசம் எவருக்கும் புரியும். தேவைக்கும் மானத்துக்கும் கேட்பதை மனநிறைவு ஒருநாளும் தடுக்காது.

அடுத்த ஆட்சேபம் கடைக்காரர்கள் சொல்வது. எல்லோரும் போதும் என்று நிறுத்திவிட்டால் வியாபாரம் என்ன ஆகும், வேலை எங்கே இருக்கும்? நேர்மையான கேள்வி. இதற்குப் பதில் தேடியவர்களில் தஞ்சாவூரில் 1892இல் பிறந்த தமிழ்க் கிறிஸ்தவர் ஜே. சி. குமரப்பா முக்கியமானவர். லண்டனில் கணக்கியல் படித்து, பம்பாயில் தணிக்கையாளராக நல்ல வருமானத்தோடு இருந்தவர். அமெரிக்காவில் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் இந்தியாவின் வறுமைக்கும் அரசின் வரவு செலவுக்கும் உள்ள தொடர்பை ஆராய்ந்தார். 1929இல் காந்தியைச் சந்தித்த பிறகு அந்த வருமானத்தையும் மேல்நாட்டு உடையையும் விட்டுவிட்டுக் கிராமத் தொழில்களுக்கு உழைக்கப் போனார். ஜபல்பூர் சிறையில் இருந்தபோது நிலைத்த பொருளாதாரத்தைப் பற்றி ஒரு நூலும் இயேசுவின் போதனைகளைப் பற்றி ஒரு நூலும் எழுதினார். இரண்டுக்கும் காந்தி முன்னுரை தந்தார். இயேசுவையும் பொருளாதாரத்தையும் அவர் தனித்தனி அறைகளில் வைக்கவில்லை.

நிலக்கரி, எண்ணெய், தாதுக்கள் எல்லாம் எடுக்க எடுக்கக் குறையும் இருப்பு என்றார் குமரப்பா. அந்த இருப்பின் மேல் கட்டிய வாழ்வு சண்டைக்கும் போருக்கும்தான் கொண்டுபோகும். மழை, வெயில், மனித உழைப்பு என்று திரும்பத் திரும்ப வரும் வரவின் மேல் கட்டிய வாழ்வே நிலைக்கும் என்பது அவர் கணிப்பு. இன்னொன்றையும் வற்புறுத்தினார். ஒரு பொருளை வாங்குகிறவர் அது உண்டான விதத்துக்கும் பொறுப்பாளி. கூலியை ஏமாற்றிச் செய்த பொருளை மலிவாக வாங்கினால் அந்த ஏமாற்றில் அவருக்கும் பங்கு உண்டு. வாங்குவதையே நிறுத்துங்கள் என்று அவர் சொல்லவில்லை. யாருடைய கை உழைப்பை வாங்குகிறோம், அந்தக் கைக்கு என்ன போய்ச் சேர்கிறது என்று கேட்டு வாங்கச் சொன்னார். கடைக்காரர்களின் கேள்விக்கு இதுவே பதில். வேலை குறைய வேண்டியதில்லை. பணம் போகும் திசை மாறினால் போதும். குமரப்பா கடைசிக் காலத்தை மதுரைப் பக்கம் டி. கல்லுப்பட்டியில் எளிமையாகக் கழித்து, 1960 ஜனவரி 30 அன்று மறைந்தார். தாம் எழுதியதைப் போலவே வாழ்ந்ததால் அவர் சொல்லுக்கு எடை கூடுகிறது.

சபைக்குள்ளிருந்தே வரும் மூன்றாவது குரலுக்கு நீண்ட பதில் வேண்டாம். காரும் பெரிய வீடும் கடவுளின் ஆசீர்வாதத்துக்கு அடையாளம் என்று சாட்சி சொல்கிறவர்கள் உண்டு. அப்படியானால் காவலில் இருந்த பவுல் ஆசீர்வாதம் பெறாதவரா? வாடகை வீட்டில் இருந்துகொண்டு உண்மையாக ஜெபிக்கிற தாய் விசுவாசம் குறைந்தவரா? இந்த உபதேசம் விளம்பரத்தின் வேலையைத்தான் செய்கிறது, ஜெப மொழியில்.

சரி, பழகுவது எப்படி? கேரளத் திருச்சபையே ஒரு வழி காட்டியிருக்கிறது. 19ஆம் நூற்றாண்டில் குரியாக்கோஸ் எலியாஸ் சாவறா, பள்ளிக்கூடம் வரும் ஏழைப் பிள்ளைகளின் மதிய உணவுக்காகப் பிடியரிசி வழக்கத்தை வளர்த்தார். 2014இல் புனிதராக அறிவிக்கப்பட்டவர் அவர். உலை வைக்கும் பெண், வீட்டுக்கு அளந்த அரிசியிலிருந்து ஒரு கைப்பிடியை முதலில் எடுத்துத் தனிப் பானையில் போடுவார். பிறகுதான் மீதி அரிசி உலைக்குப் போகும். வயிறு நிறைந்த பிறகு மிஞ்சியதைக் கொடுப்பதில்லை. பசி ஆறும் முன்பே அடுத்த வீட்டுப் பிள்ளையின் பங்கு பிரிந்துவிடுகிறது. எவரும் தேவைக்கு மேல் வைத்துக்கொள்ளாதபடி, வனாந்தரத்தில் மன்னாவை ஆளுக்கு ஒரு ஓமர் அளவு எடுக்கச் சொன்ன கட்டளையின் பொருள் அந்த அடுப்பங்கரையில் தினமும் நடந்தது. பணக்கார வீடு, ஏழை வீடு என்ற பேதம் அதில் இல்லை. கூலிக்குப் போகும் பெண்ணின் கைப்பிடியும் பிள்ளைகளின் சோற்றில் சேர்ந்தது.

இன்று அரிசி பெரும் செலவாக இல்லை. செலவெல்லாம் தவணையிலும் திருமண மண்டபத்திலும் நகைக்கடையிலும் இருக்கிறது. கைப்பிடியையும் அங்கிருந்துதான் எடுக்க வேண்டும். சபைகளும் இதில் விலக்கல்ல. புது ஆலயக் கட்டடத்துக்கும் திருநாள் அலங்காரத்துக்கும் செலவிடுகிற சபை, வீடுகளைப் பார்த்துச் சிக்கனம் பேச முடியாது. ஆகவே கேட்டுக்கொண்டிருக்கும் சபைக் குழுவினருக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த வரவு செலவுத் திட்டத்தை எழுதும்போது, மலைமேல் லயங்களில் இருக்கும் குடும்பங்களின் கூரைக்கும், அவர்கள் பாக்கியைக் கேட்டு நடத்தும் வழக்குக்கும் ஒரு தொகையை முதல் வரியில் எழுதுங்கள். அலங்காரத்தை அதற்குப் பிறகு எழுதுங்கள்.