மங்குஸ்தான் விதைய பாக்கெட்ல வாங்காதீங்க

பன்னீர் திராட்சை எபிசோடுக்கு அப்புறம் ஒரே கேள்வி பல பேர்கிட்ட இருந்து வந்தது: "ஆன்லைன்ல மங்குஸ்தான் விதை பாக்கெட் விக்கிறாங்க, வாங்கலாமா?" வேண்டாம். காசுக்காக மட்டும் சொல்லல.

தக்காளி விதைய காயவெச்சு டப்பால போட்டா அடுத்த வருஷமும் முளைக்கும். மங்குஸ்தான் விதை காஞ்சா செத்துரும். பழத்த விட்டு வெளிய எடுத்து சும்மா வெச்சா சில நாள்தான் தாங்கும். ரம்பூட்டான், துரியன், நம்ம பலாக்கொட்டை எல்லாமே இந்த ரகம். 1973-ல ராபர்ட்ஸ்ங்கிற விஞ்ஞானி இதுக்கு 'ரீகால்சிட்ரன்ட்'னு பேர் வெச்சார். சொல்பேச்சு கேக்காத விதைன்னு வெச்சுக்கோங்க. நார்வேல ஸ்வால்பார்ட்ல, மலைக்குள்ள உலக விதைகளை சேத்து வெச்சிருக்காங்கல்ல, அங்க போகணும்னா விதைய காயவெச்சு மைனஸ் 18 டிகிரில வைக்கணும். இது ரெண்டையும் தாங்காது. அப்புறம் கூரியர் கவர்ல வர்றது மட்டும் எப்படி முளைக்கும்?

அதனால பழமா வாங்குங்க. குற்றாலம் சீசன்ல ரோட்டோரமே விக்கும். பழத்தோட அடியில பூ மாதிரி ஒரு அச்சு இருக்கும், அதுல எத்தனை இதழோ உள்ள அத்தனை சுளை. (செக் பண்ணிப் பாருங்க, செம ஜாலியா இருக்கும்.) குண்டுச் சுளையிலதான் விதை. சதைய நல்லா கழுவிட்டு, அன்னைக்கே ஈரமான தேங்கா நார்க்கழிவுல வைங்க. ரெண்டுல இருந்து நாலு வாரத்துல முளை வரும். கவர் நல்லா உயரமானதா இருக்கணும். ஆணிவேர் நீளமா நேரா இறங்கும், பக்க வேர் ரொம்பக் கம்மி. மாத்தி நடும்போது அந்த வேர் அடிபட்டா கன்னு அவ்வளவுதான்.

இதுல எனக்குப் பிடிச்ச விஷயம் வேற. மங்குஸ்தான்ல மகரந்தச் சேர்க்கை இல்லாமலே விதை வருது. அதனால முளைக்கிறது கிட்டத்தட்ட தாய் மரத்தோட அச்சு அசல். நம்ம பாஷையில கிட் க்ளோன். அப்படியே அதோட சொந்தக்காரன் குடம்புளிய எடுத்துக்கோங்க, கேரளா மீன் குழம்புல போடுவாங்களே, அதுல ஆண் மரம் தனி, பெண் மரம் தனி. விதை போட்டு வருஷக்கணக்கா தண்ணி ஊத்தி, கடைசில ஆண் மரமா நின்னா காய் இல்ல. விதை ரம்பூட்டான்லயும் இதே ரிஸ்க். அதுக்குத்தான் அதுல ஒட்டுக் கன்னு. மங்குஸ்தான்ல ஒட்டு சீக்கிரம் காய்க்கும், ஆனா மரம் சின்னதா நிக்கும், காயும் கம்மி. இங்க விதைதான் சரி. விலை என்னன்னா, ஏழெட்டு வருஷம் காத்திருக்கணும், பத்துக்கு மேலயும் ஆகலாம்.

இப்ப எங்க ஊருக்கு வர்றேன். கம்பத்துல இருந்து குமுளி ஒரு மணி நேர பஸ்தான். மேல ஈரம், கீழ பள்ளத்தாக்கு மலை மறைப்புல இருக்கு. 1895-ல முல்லைப் பெரியாறு தண்ணி வந்ததால வயல் பச்சையாச்சு, ஆனா காத்து ஈரமாகல. மங்குஸ்தானுக்கு வேர்ல தண்ணி மட்டும் போதாது, இலைக்கும் ஈரக்காத்து வேணும், முதல் சில வருஷம் பாதி நிழலும் வேணும். ஆடிக் காத்துல இளங்கன்னு கருகும்.

எங்க அப்பாவுக்கு 61 வயசு. அரை ஏக்கர் திராட்சைப் பந்தலைப் பிரிச்சுட்டு மங்குஸ்தான் வைக்கலாம்னு ஆரம்பிச்சார். அந்தப் பந்தல்தான் வீட்டுக்கு வருமானம். ரெண்டு மாசம் போன்ல ஒரே சண்டை. பந்தல் வேண்டாம், வாய்க்கால் ஓரம் தென்னைக்கு நடுவுல வாழை நிழல் இருக்கு, அங்க பன்னிரண்டே கன்னு வைங்கன்னு சொன்னேன். "முதல் காய் வர்றப்ப உங்களுக்கு எழுபது ஆயிரும்ப்பா"ன்னும் சொல்லிப் பார்த்தேன்.

"அதுவரைக்கும் திங்க வாழை இருக்குல்ல"ன்னார்.

பன்னிரண்டுல ஒம்பது நிக்குது. ஆடிக்கு முன்னாடி மேற்குப் பக்கம் நிழல்வலை கட்டணும், அதுக்கு அடுத்த வாரம் ஊருக்குப் போறேன். வந்து அவகாடோ பேசலாம்.