பெரிய சென்சாரா, சிறிய சென்சாரா?



திருமணப் படம் எடுக்கும் தொழிலில் இறங்க விரும்பும் இளைஞர்கள் முதலில் கேட்கும் கேள்வி இது: ஃபுல் ஃபிரேம் கேமரா வாங்குவதா, கிராப் சென்சார் கேமராவே போதுமா? அந்தக் கேள்விக்குப் பின்னால் பல ஆயிரம் வெள்ளி இருக்கிறது. பலருக்கு அது கடன் வாங்கிய பணம்.

சென்சார் என்பது, அந்தக் காலத்துப் ஃபிலிம் இருந்த இடத்தில் அமர்ந்து ஒளியை வாங்கும் தகடு. 35 மில்லிமீட்டர் ஃபிலிமில் ஒரு படத்தின் அளவு 36க்கு 24 மில்லிமீட்டர். அதே அளவுள்ள சென்சார் ஃபுல் ஃபிரேம். கிராப் சென்சார் ஏறக்குறைய 23.5க்கு 15.6 மில்லிமீட்டர். பரப்பளவில் பெரியது சிறியதைப் போல இரண்டு மடங்குக்கும் சற்று அதிகம்.

இதனால் என்ன மாறுகிறது? பத்துமலையில் 140 அடி முருகன் சிலையை அடியில் நின்று எடுப்பதாக வைத்துக்கொள்வோம். ஃபுல் ஃபிரேமில் 24 மில்லிமீட்டர் லென்ஸ் காட்டும் அகன்ற காட்சி கிராப்பில் கிடைக்காது. அங்கே அது 36 மில்லிமீட்டர் லென்ஸ் போலக் குறுகிவிடும். அதே காட்சி வேண்டுமானால் 16 மில்லிமீட்டர் லென்ஸ் வேண்டும்.

பறவைப் படம் எடுப்பவருக்கோ இதுவே இலாபம். மரத்து உச்சியில் இருக்கும் இருவாச்சியை 300 மில்லிமீட்டர் லென்ஸில் பார்த்தால், கிராப்பில் 450 மில்லிமீட்டர் லென்ஸ் போல அது சட்டத்தை நிறைக்கும். லென்ஸும் இலேசு, விலையும் குறைவு.

இனி திருமணத்துக்கு வருவோம். கோயில் மண்டபத்தில் வெளிச்சம் மங்கல். தாலி கட்டும் நேரமோ சில விநாடிதான். இங்கே பெரிய சென்சார் இரண்டு மடங்குக்குச் சற்று அதிகமான ஒளியை வாங்கித் தரும். படத்தில் புள்ளி குறையும். இது உண்மை. ஆனால் கேமராவோடு சேர்ந்து வரும் சாதாரண 18-55 லென்ஸ், முகத்தை நெருக்கிக் காட்டும்போது எஃப் 5.6 அளவுக்கே திறக்கும். அதே இடத்தில் 50 மில்லிமீட்டர், எஃப் 1.8 லென்ஸ் ஒன்றை மாட்டினால் ஒன்பது மடங்குக்கும் மேல் ஒளி உள்ளே வரும். இந்த லென்ஸ் விலை குறைந்த வகையைச் சேர்ந்தது.

கணக்கு இப்போது தெளிவாகிறது. கடன் பட்டு ஃபுல் ஃபிரேம் வாங்கி, நல்ல லென்ஸுக்குக் காசில்லாமல் நிற்பவரைவிட, கிராப் கேமராவும் நல்ல லென்ஸும் வைத்திருப்பவரே மண்டபத்தில் ஜெயிப்பார். கிராப்புக்கென்றே செய்த லென்ஸ்கள் பெரிய சென்சாரை முழுதாக நிரப்பாது என்பதையும் மறக்கக் கூடாது. கேமராவை மாற்றினால் லென்ஸையும் மாற்ற வேண்டி வரும்.

மிஞ்சும் பணத்தில் இரண்டாவது கேமரா ஒன்றை, பழையதாக இருந்தாலும், பையில் வைத்துக்கொள்வது நல்லது. கேமரா பழுதாகிவிட்டது என்பதற்காக மாப்பிள்ளை இன்னொரு முறை தாலி கட்டமாட்டார்.

வாரந்தோறும் வேலை வந்து, மங்கலான மண்டபங்களே பிழைப்பாகி, பெரிய அளவில் படம் அச்சிடக் கேட்கும் வாடிக்கையாளரும் சேர்ந்த பிறகு ஃபுல் ஃபிரேம் வாங்கலாம். அப்போது அதன் விலையைத் தொழிலே கட்டும். அம்மாவின் நகை கட்ட வேண்டியதில்லை.