அண்ணனின் கட்டிலருகே தொடங்கிய பணி



நோயாளிகளை இல்லந்தோறும் சந்தித்துவரும் நாங்கள், இன்று ஒரு செவிலித்தாயை நினைவுகூர விரும்புகிறோம்.

அமெரிக்காவின் மாசச்சூசெட்ஸ் மாநிலத்தில், 1821-ம் ஆண்டு கிறிஸ்து பிறப்பு நாளில் பிறந்தவர் கிளாரா பார்ட்டன். பண்ணையில் வளர்ந்த கூச்சமிக்க சிறுமி. அவருக்குப் பதினோரு வயதானபோது, அண்ணன் டேவிட் களஞ்சியக் கட்டடத்தின் மேலிருந்து விழுந்து படுக்கையானார். ஏறக்குறைய இரண்டாண்டுகள் அருகிலிருந்து மருந்து கொடுத்துப் பேணியவர் இச்சிறுமியே. செவிலியர் பள்ளி எதிலும் அவர் பயிலவில்லை. அண்ணனின் கட்டிலே அவருக்குப் பள்ளி.

அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது, 1862-ல் ஆன்டீட்டம் களத்தில், அவர் பேணிக்கொண்டிருந்த வீரரை ஒரு குண்டு கொன்றது. அக்குண்டு அவருடைய சட்டைக் கையைத் துளைத்துச் சென்றிருந்தது. அப்போதும் அவர் பணியை விட்டகலவில்லை.

போர் முடிந்தும், மகனின் கதி அறியாத தாய்மாரின் கண்ணீர் முடியவில்லை. தம் உதவியாளருடன் 63,000-க்கும் மேற்பட்ட கடிதங்களுக்கு மறுமொழி எழுதி, காணாமற்போன 22,000-க்கும் மேற்பட்டோரைப் பற்றிய உண்மையைக் கண்டறிந்தார். 1881-ல் அமெரிக்கச் செஞ்சிலுவைச் சங்கத்தை நிறுவினார். 1889-ல், 67-ம் வயதில், ஜான்ஸ்டவுன் வெள்ளத்தில் வீடிழந்தோரிடையே ஐந்து மாதங்கள் தங்கி உழைத்தார். 1912-ல், 90-ம் வயதில் மறைந்தார்.

இறைமக்களே! பாயில் கிடக்கும் பெற்றோரை ஆண்டுக்கணக்காகப் பேணும் பெண்கள் நம் பங்கிலும் உண்டு. அவர்களை யாரும் செவிலியர் என்று அழைப்பதில்லை. அவர்கள் சற்றே கண்ணயர, நோயாளியின் அருகே வாரம் ஒரு மணி நேரம் நாம் மாறி மாறி அமரலாமே! நாம் தொடங்கத்தக்க பணி இது.