வாசலில் நின்று அழைப்போம்



கொரோனாப் பெருந்தொற்றுக் காலத்தில் நம் குடும்ப வாழ்வும் ஊர்த் திருவிழாக்களும் எவ்வாறு இருந்தன என்பதைப் பற்றிப் பேசும்படி இக்கூட்டத்தார் என்னைப் பணித்தார்கள். கடந்து போன கஷ்டகாலத்தை மறுபடியும் நினைவூட்டுவதனால் என்ன பிரயோஜனம் என்று சிலர் கேட்கக்கூடும். ஒரு பெருந்துன்பம் நீங்கியவுடன் அதைப் பற்றிய பேச்சையே நிறுத்திவிடுவோமானால், அது கற்பித்த பாடத்தையும் அதனோடு கூடவே வழியனுப்பிவிட்டவர்களாவோம். ஆகையால், இராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் உரிய சில காட்சிகளை முன்னிட்டு, நெடுநாளாக என் உள்ளத்தில் கிடக்கும் ஒரு வேண்டுகோளை இன்று உங்கள்முன் வைக்க விரும்புகிறேன்.

இவ்விரண்டு ஊர்களுக்கும் இடையே சுமார் 12 கிலோமீட்டர் தூரமே உண்டு. மேற்கே மலையும் வனமும், கிழக்கே கரிசல் நிலமும், நடுவே கண்மாய்களும் கோயில்களும் ஆலைகளும் தறிகளுமாக விளங்கும் இந்தச் சிறு நிலப்பரப்பில், ஒரு குடும்பத்தார் ஆண்டு முழுவதும் கூடிப் போய்க் கூடிக் களித்து வருவதற்கு வேண்டியன எல்லாம் அமைந்திருக்கின்றன. ஆடிப் பூரத்துக்குத் தேர் பார்ப்பதும், புரட்டாசிச் சனிக்கிழமைகளில் திருவண்ணாமலை என்று நாம் வழங்கும் குன்றின்மேல் எழுந்தருளியிருக்கும் சீனிவாசப் பெருமாளைச் சேவிக்கப் படியேறுவதும், மார்கழியில் எண்ணெய்க்காப்பு உற்சவம் காண்பதும், விடுமுறை நாளில் புளியோதரையும் துவையலுமாகக் கட்டுச்சோறு கட்டிக்கொண்டு அய்யனார் கோவில் ஆற்றுக்கோ செண்பகத்தோப்பு வழியே காட்டழகர் சந்நிதிக்கோ போய்வருவதும், திரும்பும் வழியில் ரத வீதியில் நின்று குழந்தைகளுக்குப் பால்கோவா வாங்கிக் கொடுப்பதும் தனவந்தர்களுக்கு மட்டும் உரிய உல்லாசங்கள் அல்ல. ஆலைத் தொழிலாளியின் குடும்பமும் தறிக்காரரின் குடும்பமும் பஸ் கட்டணம் ஒன்றை மட்டும் கையில் வைத்துக்கொண்டு அனுபவித்து வந்த பாக்கியங்கள் இவை.

அந்தப் பாக்கியம் 2020ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் நின்றது. 22ஆம் தேதி ஒருநாள் சுய ஊரடங்கு. 24ஆம் தேதி மாலை முதல் மாநிலமெங்கும் தடையுத்தரவு. 25ஆம் தேதி முதல் தேசம் முழுவதற்கும் ஊரடங்கு. கிராமங்களின் சிறு கோயில்கள் ஜூலையிலும், பெரிய கோயில்கள் செப்டம்பர் முதல் நாளிலுமே பக்தர்களுக்குத் திறக்கப்பட்டன. 11 நிலைகளோடு 192 அடி உயர்ந்து நிற்கும் ஸ்ரீவில்லிபுத்தூர் வடபத்ரசாயி கோயில் கோபுரத்தைத் தெருக்கோடியில் நின்றே கையெடுத்துக் கும்பிட்டு, உள்ளே போக வழியின்றித் திரும்பிய காலம் அது. அவ்வாண்டு ஜூலை 24ஆம் தேதி வந்த ஆடிப் பூரத்துக்கும், மறு ஆண்டு ஆகஸ்ட் 11ஆம் தேதி வந்த ஆடிப் பூரத்துக்கும் தேர் வீதிக்கு வரவில்லை. ஆண்டாளும் ரங்கமன்னாரும் கோயிலுக்குள்ளேயே விழாக் கொண்டார்கள். ஐந்தாம் நாள் ஐந்து கருட சேவையும், ரங்கமன்னார் ஆண்டாளின் மடியில் தலைவைத்துப் பள்ளிகொள்ளும் ஏழாம் நாள் சயன சேவையும், கண்ணாரக் காண்பதற்கென்றே பிறந்தவர்களான இவ்வூர் மக்களுக்கு அவ்விரண்டு ஆண்டுகளிலும் எட்டாத காட்சிகளாயின.

அன்று கதவடைத்து இருந்தது சரியே என்பதில் எனக்கு ஐயமில்லை. மூச்சுக் காற்றின் வழியே ஒருவரிடமிருந்து ஒருவருக்குப் பரவும் நோய்க்கு, மனிதர் நெருங்கிக் கூடும் இடமெல்லாம் வழியாக அமையும். 1918ஆம் ஆண்டில் உலகைச் சூழ்ந்த விஷசுரம் நம் தேசத்தில் செய்த நாசம் எத்தகையது என்பதற்கு, 1911 முதல் 1921 வரையிலான பத்தாண்டுகளில் இந்தியாவின் மக்கள்தொகை குறைந்துபோயிற்று என்ற குடிக்கணக்கே சாட்சி. கணக்கெடுப்புத் தொடங்கிய பின் அவ்வாறு குறைந்த பத்தாண்டு அது ஒன்றே. ஒதுங்கி இருப்பதன் அவசியத்தை நம் முன்னோரும் அறிந்திருந்தார்கள். வீட்டில் ஒருவருக்கு அம்மை கண்டால் வாசலில் வேப்பிலை செருகுவார்கள்; அதைக் கண்டவர்கள் படியேற மாட்டார்கள்; வீட்டார் விசேஷங்களுக்குப் போக மாட்டார்கள். இது நாம் எல்லோரும் அறிந்ததே.

ஆனால் அந்த வழக்கத்தின் பிற்பகுதியை நாம் கவனிக்க வேண்டும். அம்மை இறங்கிய பின், மஞ்சளும் வேப்பிலையும் இட்ட நீரை வெயிலில் வைத்து எடுத்து, தலைக்குத் தண்ணீர் விடுவார்கள். மூன்று தண்ணீர் விட்டானபின், நோயிலிருந்து எழுந்தவரைப் புத்தாடை உடுத்தி மாரியம்மன் சந்நிதிக்கு அழைத்துப் போவார்கள். தெருவார் கண்டு விசாரிப்பார்கள். அதுமுதல் அவர் மறுபடியும் ஊராரில் ஒருவர். உள்ளே போவதற்கு ஒரு முறையும் வெளியே வருவதற்கு ஒரு முறையும் வகுத்து வைத்திருந்த பெருமை அந்த எளிய வழக்கத்துக்கு உண்டு. இந்தப் பெருந்தொற்றிலோ, உள்ளே போவதற்கு உத்தரவு இருந்தது. தளர்வுகளுக்கும் உத்தரவு இருந்தது. ஆனால் ஒவ்வொரு மனிதரையும் கைப்பிடித்து வெளியே அழைத்து வருகின்ற முறை ஒன்று இல்லாமற் போயிற்று. இதுவே நான் இன்று பேச வந்த விஷயம்.

பூட்டிய வீடுகளுக்குள்ளே நம் குடும்பங்கள் எவ்வாறு இருந்தன என்பதை எண்ணிப் பாருங்கள். நன்மைகள் இருந்தன. ஆலையின் முறைவேலைப்படி இரவும் பகலும் மாறி மாறி வேலைக்குப் போய், பிள்ளைகள் விழித்திருக்கும்போது முகம் காட்ட நேரமில்லாதிருந்த தகப்பனார், பிள்ளைகளோடு ஒரே பந்தியில் அமர்ந்து உண்டார். பரணில் கிடந்த பல்லாங்குழியும் தாயக்கட்டையும் கூடத்துக்கு இறங்கின. பாட்டிமாருக்குக் கதை கேட்கச் செவிகள் கிடைத்தன. ஆயினும், வீட்டில் எல்லோரும் ஓய்ந்திருந்த அந்த மாதங்களில் ஓயாமல் உழைத்தவள் தாயே. வேளைக்கு வேளை அத்தனை பேருக்கும் உலை வைத்ததோடு, ஒரு கைபேசியை மூன்று பிள்ளைகளின் பாடத்துக்குப் பங்கிட்டு, கல்வித் தொலைக்காட்சியின் நேரத்தையும் கவனித்து, கூலி வராத வாரத்தில் ரேஷன் அரிசியை அளந்து சமாளித்த அவளுக்கு, தெருமுனைக் கோயில்வரை போய்ப் பக்கத்து வீட்டாரோடு நாலு வார்த்தை பேசிவருவது எத்தனை பெரிய ஆறுதலாக இருந்தது என்பது அது இல்லாதபோதுதான் தெரிந்தது. குடும்பம் என்பது நான்கு சுவர்களுக்குள் மட்டும் நிறைவு பெறும் ஒன்றல்ல என்பதை, நான்கு சுவர்களுக்குள் இருந்துதான் நாம் கற்றுக்கொண்டோம்.

நம் பகுதிக்கு உரிய இன்னொரு செய்தியையும் சொல்ல வேண்டும். இராஜபாளையத்தை அடுத்த சத்திரப்பட்டித் தறிகளில், இழை இடைவெளி விட்டு நெய்து, வெளுத்து, நறுக்கிச் சுருட்டப்படும் பேண்டேஜ் துணி தேசத்தின் பல மருத்துவமனைகளுக்குப் போகிறது. யார் எவரென்று தெரியாத மனிதர்களின் காயங்களுக்குக் கட்டுத்துணி நெய்து அனுப்பும் மக்கள் நாம். தூர தேசத்தில் உள்ளவரின் புண்ணுக்கு மருந்துத்துணி கொடுக்கின்ற கைகள், அடுத்த வீட்டிலே ஆறாத மனப்புண்ணோடு இருப்பவரைப் பற்றிச் சிந்திக்க வேண்டாமா?

அப்படிச் சிந்திப்பதற்கு வழிகாட்டியாக ஆண்டாள் இந்த மண்ணிலேயே பிறந்திருக்கிறாள். பெரியாழ்வாரின் குடும்பத்தைப் போன்ற சிறு குடும்பம் வேறொன்றைக் காண்பது அரிது; நந்தவனமும், ஒரு தகப்பனாரும், துளசிச் செடியின் அருகே அவர் கண்டெடுத்த ஒரு பெண்குழந்தையும், அவ்வளவே. அவ்வளவு தனிமையில் வளர்ந்த பெண் பாடிய திருப்பாவையின் 30 பாசுரங்களில், ஆறாவது முதல் பதினைந்தாவது வரை உள்ள பத்துப் பாசுரங்களையும் அவள் எதற்குச் செலவிட்டாள் என்று பாருங்கள். பெருமானைக் காண வேண்டும் என்ற ஆவல் மிகுந்தவள் தான் மட்டும் விடியற்காலையில் விரைந்து போய்விடவில்லை. தோழியர் வீடுதோறும் வாசலில் நின்று, உறங்குகிறவளை எழுப்பி, வரத் தயங்குகிறவளிடம் வாதாடி, கோபித்து, கொஞ்சி, அவளையும் சேர்த்துக்கொண்டுதான் அடுத்த வாசலுக்குப் போகிறாள். நூலில் மூன்றில் ஒரு பங்கு, கதவுக்கு உள்ளே இருப்பவர்களை வெளியே அழைப்பதற்கே ஆயிற்று. தெய்வத்தினிடம் போகிற வழி அண்டை வீட்டு வாசல் வழியாகத்தான் போகிறது என்பதற்கு இதைவிடச் சிறந்த பிரமாணம் வேண்டுமோ?

அவள் சரித்திரத்தைக் கிருஷ்ணதேவராயர் தெலுங்கில் ஆமுக்தமால்யதா என்னும் காவியமாகப் பாடினார். அதைத் தமிழில் பெயர்த்துச் சாகித்ய அகாதெமியின் மொழிபெயர்ப்புப் பரிசைப் பெற்றவர் இராஜபாளையத்து அறிஞர் மு. கு. ஜகந்நாத ராஜா. ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பெண்ணின் கதை விஜயநகரம் வரை போய், இராஜபாளையத்தின் வழியாகத் தாய்வீடு திரும்பியது என்றால், இவ்விரண்டு ஊர்களின் சம்பந்தம் வெறும் பஸ் பாதையால் ஆனதன்று என்பது விளங்கும்.

பெரியோர்களே! 2022ஆம் ஆண்டு ஆகஸ்ட் முதல் நாள், இரண்டாண்டு இடைவெளிக்குப் பின் ஆடிப் பூரத் தேர் மறுபடியும் ஓடியது. வடத்தைப் பற்றிய கைகள் ஆயிரக்கணக்கில் இருந்தன. ரத வீதிகள் நிறைந்தன. எல்லாம் பழையபடி ஆகிவிட்டது என்று கண்டவர்கள் மகிழ்ந்தார்கள். அம்மகிழ்ச்சியில் எனக்கும் பங்குண்டு. ஆனால் கூட்டம் நிறைந்திருந்தது என்பதனாலேயே எல்லோரும் வந்துவிட்டார்கள் என்று ஆகாது. அந்த இரண்டாண்டுகளில் வெளியே போகாமலிருந்து கால் தளர்ந்து, இனி எதற்குப் போக வேண்டும் என்று திண்ணையோடு நின்றுவிட்ட பெரியவர் வரவில்லை. இரண்டாம் அலையில் கணவனைப் பறிகொடுத்து, கூட்டத்தைக் கண்டாலே நெஞ்சம் கனத்துப் போகிற தாய் வரவில்லை. பள்ளி திறந்த பிறகும் கைபேசித் திரையை விட்டுக் கண்ணை எடுக்கக் கூசுகின்ற பிள்ளை வரவில்லை. இரு பெற்றோரையும் தொற்றுக்கு இழந்த குழந்தைக்கு 5 லட்சம் ரூபாயும் ஒருவரை இழந்த குழந்தைக்கு 3 லட்சம் ரூபாயும் என்று மாநில அரசு உதவி அறிவித்தது. அது அரசாங்கத்தின் கடமை, நன்கு செய்யப்பட்டது. ஆனால் அக்குழந்தையைத் தோள்மேல் தூக்கித் தேர் காட்டுவதை எந்த அரசாங்கமும் செய்ய இயலாது. அது நம்முடைய தோள் செய்ய வேண்டிய காரியம்.

வாசல் தேடிப் போவது சாத்தியம் என்பதற்கு அண்மைக் காலமே உதாரணம் தந்திருக்கிறது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம், சர்க்கரை நோய்க்கும் ரத்த அழுத்தத்துக்கும் உரிய மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டு வந்தது. அவ்வாண்டு அக்டோபரில் தொடங்கிய இல்லம் தேடிக் கல்வியில், தன்னார்வலர்கள் மாலை வேளையில் தெருப் பிள்ளைகளைக் கூட்டி வைத்து, விட்டுப்போன பாடத்தைத் தொட்டுக் கொடுத்தார்கள். மருந்தும் கல்வியும் வாசலுக்கு வரக்கூடுமானால், ஆண்டாளின் ஊரில் அன்பும் வரக்கூடாதா?

வீட்டோடு நின்றுவிட்டவர்களை அழைத்துச் செல்ல நமக்கு வேண்டிய இடங்களுக்கும் பஞ்சமில்லை. சென்னை மாகாணத்தின் முதலமைச்சராக விளங்கிய பி. எஸ். குமாரசாமி ராஜா இராஜபாளையத்தில் தாம் வாழ்ந்த வீட்டையே ஊருக்கு அளித்தார். அது காந்தி கலை மன்றமாக நிற்கிறது. ஸ்ரீவில்லிபுத்தூரில் பென்னிங்டன் நூலகம் 1875ஆம் ஆண்டு முதல் வாசகர்களுக்காகக் கதவு திறந்து வைத்திருக்கிறது. மேற்கே, சாம்பல் நிற மலை அணிலின் பொருட்டு 1988இல் சரணாலயமான காடு, தொற்று நீடித்திருந்த 2021 பிப்ரவரியிலேயே மேகமலையோடு சேர்ந்து புலிகள் காப்பகமாக உயர்ந்தது. இவை நம் பிள்ளைகளின் பிதிரார்ஜிதம். காட்டுக்குப் போகிற குடும்பம் பிளாஸ்டிக் பையை விட்டுவிட்டுத் தூக்குச்சட்டியை எடுத்துச் செல்லட்டும். நூலகத்துக்குப் போகிற தகப்பன் மகளின் பெயரில் ஓர் உறுப்பினர் அட்டை வாங்கட்டும். நகராட்சியாரும் கோயில் நிர்வாகத்தாரும் முதியோர் இளைப்பாற நிழலும் இருக்கையும் குடிநீரும் விழாக் காலந்தோறும் தவறாமல் அமைத்துத் தர வேண்டுமென்று இந்த மேடையிலிருந்து வேண்டிக்கொள்கிறேன்.

உங்களிடம் நான் கேட்பது ஒன்றே. அடுத்த ஆடிப் பூரத்துக்கோ, புரட்டாசிச் சனிக்கிழமைக்கோ, காட்டழகர் கோயிலுக்கோ உங்கள் குடும்பம் புறப்படுகிற நாளில், பஸ் நிறுத்தத்துக்கு நேரே போய்விடாதீர்கள். உங்கள் தெருவில் திறவாத ஒரு வாசல் இருக்கும். அது எந்த வாசல் என்று உங்கள் வீட்டுப் பெண்களுக்குத் தெரியும். அங்கே நின்று, "பெரியம்மா, நாங்கள் கிளம்பிவிட்டோம், நீங்களும் வாருங்கள்" என்று அழையுங்கள். முதல் முறை மறுப்பார்கள்; மறுமுறையும் அழையுங்கள். அவர்களுக்கும் சேர்த்துக் கட்டுச்சோறு கட்டுங்கள். அவர்கள் நடக்கும் வேகத்துக்கு நீங்கள் நடங்கள். இதை ஒவ்வொரு குடும்பமும் ஒரு விரதமாக மேற்கொள்ளுமானால், பெருந்தொற்று நம்மிடமிருந்து பிரித்து வைத்தவர்களில் உயிரோடு இருக்கும் ஒருவரையும் நாம் இழக்கமாட்டோம். அதைச் செய்து முடிக்கும்வரை அந்த நோய்க்காலம் நம் ஊரை விட்டு முற்றும் நீங்கியதாக நான் கருதமாட்டேன். நீங்களும் கருத வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.