விருந்தினர் வரியும் ஊரார் உரிமையும்

(திண்டுக்கல்லில் தோழர்களின் படிப்பு வட்டத்தில் ஆற்றிய உரை)



இன்று மாலை எனக்குத் தரப்பட்டிருக்கும் தலைப்பு, வெளிநாட்டுப் பயணிகள் செலுத்தும் விடுதி வரி. தலைப்பை அறிவித்தபோது முன்வரிசைத் தோழர் ஒருவர் முகத்தில் புன்னகை அரும்பியதைக் கண்டேன். பூட்டுப் பட்டறை நலிந்து கிடக்கிறது, சின்னாளபட்டியில் தறி தளர்ந்து கிடக்கிறது, இந்த வேளையில் சீமான் தங்கும் அறைக்கு வரி என்ன என்பதா நம் கவலை என்று அந்தப் புன்னகை கேட்டது. கேட்கட்டும். கேட்பதற்குத்தானே படிப்பு வட்டம்! ஆனால் உரை முடியும்போது, இது சீமானைப் பற்றிய பேச்சா, நம்மைப் பற்றிய பேச்சா என்பதை அந்தத் தோழரே சொல்லட்டும்.

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். வெளிநாட்டுப் பயணி என்றால் யார்? தொப்பியணிந்து, தோளில் படப்பெட்டி தொங்க, கொடைக்கானல் மலைக்குக் காரில் ஏறும் ஐரோப்பியர்தான் நம் கண்முன் தோன்றுகிறார். அவரும் பயணிதான். ஆனால் தைப்பூசத்துக்குப் பழனிக்கு வருகிறாரே, மலேசியக் கடவுச்சீட்டு வைத்திருக்கும் ஒரு முதியவர், அவர் யார்? நாகப்பட்டினத்தில் கப்பலேறி ரப்பர்த் தோட்டத்துக்குப் போன கூலித் தமிழனின் பேரன் அவர். பேசுவது தமிழ், தொழுவது தண்டபாணியை, தேடுவது பாட்டன் பிறந்த சிற்றூரை. ஆனால் சட்டத்தின் ஏட்டில் அவரும் வெளிநாட்டார்!

அதே முதியவர் பழனியிலிருந்து திரும்பும் வழியில் நம் திண்டுக்கல் மலைக்கோட்டையைக் காண ஏறினால் என்ன நடக்கும்? தொல்லியல் துறை 2018-இல் வகுத்த கட்டணப்படி, இந்தக் கோட்டை அடங்கும் வகைக்கு உள்நாட்டார் தருவது 25 ரூபாய். வெளிநாட்டார் தருவது 300 ரூபாய். சார்க் நாட்டவருக்குச் சலுகை உண்டு. ஆதலால் இலங்கைத் தமிழர் தப்பினார். மலேசியா சார்க்கில் இல்லை. ஆதலால் மலேசியத் தமிழர் மாட்டிக்கொண்டார்! அவர் வெளிநாட்டு இந்தியர் அட்டை வைத்திருந்தால் தவிர, பன்னிரண்டு மடங்கு. 'வெளிநாட்டானிடம் வாங்கினால் என்ன?' என்று எளிதாகச் சொல்லிவிடுகிறோம். அந்தச் சொல் யார் தலையில் விழுகிறது என்பதை எண்ணிப் பார்த்துச் சொல்ல வேண்டும்.

இனி வரிக்கு வருவோம். வரலாற்றைப் புரட்டினால் வேடிக்கையான காட்சிகளைக் காணலாம்.

1980-இல் மத்திய அரசு விடுதி வருவாய் வரிச் சட்டத்தைக் கொண்டுவந்தது. நாளொன்றுக்கு 75 ரூபாயும் அதற்கு மேலும் அறை வாடகை வாங்கும் விடுதிகள் தம் வருவாயில் நூற்றுக்கு 15 செலுத்த வேண்டும் என்றது. 1982 பிப்ரவரி முடியும் முன்பே அந்த வரி கைவிடப்பட்டது. பின்னர் 1987-இல் செலவின வரிச் சட்டம் வந்தது. நாளொன்றுக்கு 400 ரூபாய்க்குக் குறையாத வாடகை வாங்கும் விடுதியில் தங்குவோர், உண்போர் செய்யும் செலவில் நூற்றுக்கு 10 வரி. 1989-இல் அது 20 ஆயிற்று. 2003-இல்தான் அந்த வரி ஒழிந்தது.

அந்த 1987-ஆம் ஆண்டுச் சட்டத்தில் ஒரு விலக்கு இருந்தது, தோழர்களே. அந்நியச் செலாவணியில் பணம் செலுத்தினால் வரி இல்லை! ஒரே விடுதி, ஒரே மாடி, பக்கத்துப் பக்கத்து அறை. ஒன்றில் டாலர் கொடுப்பவர்; மற்றொன்றில் ரூபாய் கொடுப்பவர். டாலருக்கு விலக்கு, ரூபாய்க்கு வரி! அந்நாளில் நாட்டுக்கு அந்நியச் செலாவணி தட்டுப்பாடு. டாலர் கொண்டுவருபவரை இழுக்க வேண்டும் என்பது அதற்குச் சொல்லப்பட்ட நியாயம். நியாயம் விளங்குகிறது. ஆனால் அன்று அந்த வாதத்தில் வென்றது வெளிநாட்டாரின் பணம். வரி கட்டியது உள்நாட்டாரின் பணம்.

இந்த இரு சட்டங்களையும் எதிர்த்து விடுதிக்காரர்கள் உச்சநீதிமன்றம் சென்றனர். ஆடம்பரத்தின் மீது வரி விதிப்பது அரசியல் சட்டத்தின் மாநிலப் பட்டியலில் 62-ஆம் இனமல்லவா, மத்திய அரசு எப்படிக் கைவைக்கலாம் என்று கேட்டனர். 1989-இல் இரு வழக்குகளிலும் தீர்ப்பு வந்தது. ஒன்று வருமானத்தின் மீதான வரி என்றும், மற்றொன்று செலவின் மீதான வரி என்றும் நீதிமன்றம் கூறிற்று. மத்திய அரசின் அதிகாரம் நிலைத்தது. பெயரை மாற்றினால் அதிகாரம் மாறும் என்ற பாடத்தை நாம் அன்றே கற்றிருக்க வேண்டும்.

எனினும் மாநிலத்தின் கையில் ஒரு கருவி எஞ்சியிருந்தது. 1981-இல் தமிழகம் இயற்றிய விடுதிகள் ஆடம்பர வரிச் சட்டம் அது. எந்த வாடகைக்கு எவ்வளவு வரி, எவருக்கு விலக்கு என்பதை நம் சட்டமன்றம் முடிவு செய்தது. முடிவு சரியாக இருந்ததோ தவறாக இருந்ததோ, தட்டிக் கேட்கக் கோட்டை வாசல் இருந்தது.

2016-இல் 101-ஆவது அரசியல் சட்டத் திருத்தம் வந்தது. 2017 ஜூலை முதல் நாள் சரக்கு, சேவை வரி வந்தது. 62-ஆம் இனத்திலிருந்து 'ஆடம்பரம்' என்ற சொல்லையே எடுத்துவிட்டார்கள். கேளிக்கை வரி மட்டும், அதுவும் உள்ளாட்சி மன்றங்கள் விதிக்கும் அளவுக்கு, மிஞ்சியது. விடுதி அறைக்குத் தமிழகம் தனியே வரி விதிக்கவும் முடியாது, விலக்களிக்கவும் முடியாது. யாவும் வரி மன்றத்தின் பரிந்துரைப்படி. அந்த மன்றத்தில் மத்திய அரசின் வாக்குக்கு மூன்றில் ஒரு பங்கு எடை. எல்லா மாநிலங்களுக்கும் சேர்த்து மூன்றில் இரு பங்கு. தீர்மானம் நிறைவேற நான்கில் மூன்று பங்கு வேண்டும். கணக்குப் பாருங்கள்: எல்லா மாநிலங்களும் ஒன்றாகக் கைதூக்கினாலும் போதாது! 2022-இல் உச்சநீதிமன்றம், மன்றத்தின் பரிந்துரைகள் கட்டுப்படுத்தும் கட்டளைகள் அல்ல என்று கூறியது உண்மை. ஆனால் நடைமுறையில் வரி விகிதம் அந்த மன்றத்து மேசையில்தான் பிறக்கிறது.

அங்கே பிறந்த விகிதங்களின் போக்கைப் பார்ப்போம். இரண்டு அறைகளை எடுத்துக்கொள்வோம். ஒன்று, பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் 900 ரூபாய் அறை. விற்பனைப் பிரதிநிதியும், மருத்துவமனைக்கு வந்த உழவர் குடும்பமும் தங்குவது. மற்றொன்று, மலைமேல் 8,000 ரூபாய் அறை.

2017-இல் 900 ரூபாய் அறைக்கு வரி இல்லை. 8,000 ரூபாய் அறைக்கு நூற்றுக்கு 28, அதாவது 2,240 ரூபாய். 2019 அக்டோபரில் பெரிய அறையின் வரி 18 ஆகக் குறைந்து 1,440 ரூபாய் ஆயிற்று. 2022 ஜூலை 18-இல், ஆயிரம் ரூபாய்க்கு உட்பட்ட அறைக்கு இருந்த விலக்கு நீக்கப்பட்டது. சின்ன அறைக்கு நூற்றுக்கு 12, அதாவது 108 ரூபாய். 2025 செப்டம்பர் 22-இல் 7,500 ரூபாய் வரையுள்ள அறைகளுக்கு வரி 5 ஆகக் குறைக்கப்பட்டது, வரவேற்கிறோம். சின்ன அறைக்கு இப்போது 45 ரூபாய். ஆனால் 2017-ஐயும் இன்றையும் ஒப்பிட்டுப் பாருங்கள். சீமான் அறைக்கு 800 ரூபாய் குறைந்தது. சாமானியன் அறைக்கு 45 ரூபாய் கூடியது!

விடுதிக்காரருக்கும் ஒரு சங்கடம் உண்டு. அந்த 5 விழுக்காட்டில், அவர் வாங்கும் மெத்தைக்கும் விரிப்புக்கும் செலுத்திய வரியைக் கழித்துக்கொள்ள வழியில்லை. ஆண்டு வருவாய் 20 லட்சத்துக்கு உட்பட்ட சிறு விடுதிக்கு வரியே இல்லை என்பார்கள். பத்து அறை, 900 ரூபாய் வாடகை, ஆண்டில் பாதி நாள் நிரம்பினால் 16 லட்சத்துச் சொச்சம். ஆக, அவர் விலக்குக்குள் இருக்கிறார். ஆனால் அவர் அறையைக் கைப்பேசிச் செயலி வழியாக ஒருவர் பதிவு செய்தால், அந்தச் செயலி நிறுவனமே வரியை வாங்கிக் கட்ட வேண்டும் என்கிறது சட்டம். வெளிநாட்டார் எப்படி அறை பிடிக்கிறார்? பெரும்பாலும் செயலி வழியாகத்தான். வலக்கையால் கொடுத்த விலக்கை இடக்கையால் எடுத்துக்கொள்வது இதுதான்!

வெளிநாட்டாருக்கு இன்று நேர்ந்திருப்பது 1987-இன் தலைகீழ்க் காட்சி. டாலரில் செலுத்தினாலும் அவருக்கு விலக்கில்லை. சேவை எங்கே வழங்கப்படுகிறதோ அங்கே வரி. விடுதி இருக்கும் இடமே அந்த இடம். ஆதலால் அது ஏற்றுமதியும் அன்று. திருப்பூர்ப் பனியன் கப்பலேறிப் போய் டாலர் கொண்டுவந்தால் வரிச்சுமை இல்லை. அந்த டாலரே விமானமேறி வந்து நம் ஊர் விடுதியில் இறங்கினால் வரி! உள்நாட்டாரும் வெளிநாட்டாரும் ஒரே விகிதம் கட்டுகிறார்கள் என்ற அளவில் இதில் ஒரு சமநீதி இருக்கிறது. அதை நான் மறுக்கவில்லை.

'அப்படியானால் வெளிநாட்டாருக்கு மட்டும் தனி வரி போடலாமே! மலேசியா போடவில்லையா?' என்று கேட்பார் உண்டு. ஆம், மலேசியா 2017 செப்டம்பர் முதல் வெளிநாட்டுப் பயணிகளிடம் மட்டும் அறைக்கு, இரவொன்றுக்கு 10 ரிங்கிட் வாங்குகிறது. பெருந்தொற்றுக் காலத்தில் நிறுத்தி, 2023 முதல் மீண்டும் வாங்குகிறது. பத்துமலை முருகனைக் காணப் போகும் திண்டுக்கல்காரரும் அதைக் கட்டித்தான் தீர வேண்டும். பூட்டான் 2022-இல் இரவொன்றுக்கு 200 டாலர் என்று உயர்த்தியது. அடுத்த ஆண்டே 100 டாலராகக் குறைத்தது. இந்தியர் அங்கே தருவது 1,200 ரூபாய். ஏன் குறைத்தார்கள்? வரியைக் கூட்டினால் வருபவர் குறைவார் என்று கண்டதால்.

இந்த உதாரணங்களிலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது, அயலாரிடம் கூடுதலாகப் பிடுங்கலாம் என்ற பாடம் அன்று. மலேசியாவில் அந்த வரியில் பாதியை மாநிலங்களோடு பகிர்வது என்று முடிவு செய்தார்களே, அதுதான் நமக்குப் பாடம். வரி யாரிடம் வாங்கப்படுகிறது என்பது பாதிக் கேள்வி. வாங்கிய வரி எங்கே போகிறது என்பதே மீதிக் கேள்வி. நமக்கு அதுவே பெரிய கேள்வி.

2019-இல் இந்தியாவுக்கு வந்த வெளிநாட்டுப் பயணிகள் ஏறத்தாழ 1 கோடியே 9 லட்சம். அவ்வாண்டு வெளிநாட்டார் வருகைக் கணக்கில், சுமார் 68 லட்சம் வருகைகளோடு, மாநிலங்களில் தமிழகமே முதலிடம். பெருமைதான். ஆனால் பயணி வந்தால் குப்பை எங்கே விழுகிறது? கொடைக்கானல் நகராட்சியில். தண்ணீர் எங்கே செலவாகிறது? பழனியில், திண்டுக்கல்லில். அந்தக் குப்பையை விடியுமுன் அள்ளும் கைகள் யாருடையவை? நம் வீட்டுக் கைகள். அறை வரியில் ஒரு பாதி மத்திய அரசுக்கு. ஒரு பாதி மாநில அரசுக்கு. குப்பை அள்ளும் நகராட்சிக்கு அந்த வரியில் நேரடிப் பங்கென்று ஒரு காசும் இல்லை! சொத்து வரியை வைத்துக்கொண்டு அது ஊராரையும் காக்க வேண்டும். விருந்தினரையும் தாங்க வேண்டும்.

தோழர்களே! தில்லியை நோக்கி விரல் நீட்டும் நாம், அதே கேள்வியைச் சென்னையிலும் கேட்கக் கடமைப்பட்டவர்கள். மாநிலத்துக்கு வரும் பாதியிலிருந்து, பயணிகளின் பாரம் சுமக்கும் ஊர்களுக்கு ஒரு பங்கைப் பிரித்துத் தர எவர் அனுமதியும் வேண்டியதில்லை. மாநில நிதிக் குழு இருக்கிறது. அதன் வழியே செய்யலாம். மாநிலத்துக்கு உரிமை வேண்டும் என்று முழங்கும் வாய், ஊராட்சிக்கும் நகராட்சிக்கும் உரிய பங்கைக் கேட்கும்போது மௌனம் சாதித்தால், அந்த முழக்கத்துக்கு மதிப்பேது?

ஆகவே நாம் வற்புறுத்த வேண்டியவை மூன்று. முதலாவது: ஆயிரம் ரூபாய்க்கு உட்பட்ட அறைக்கு 2022 வரை இருந்த விலக்கு திரும்ப வேண்டும், ஏழை தங்கும் அறை ஆடம்பரம் அன்று. இரண்டாவது: அறை வரியில் ஒரு பங்கு, அந்த அறை இருக்கும் ஊருக்கே சேர வேண்டும், துப்புரவுக்கும் குடிநீருக்கும் தொழிலாளர் நலத்துக்கும் செலவாக வேண்டும். மூன்றாவது: கடவுச்சீட்டின் நிறம் பார்த்து வரி போடும் ஆசை வேண்டாம். வாடகை கூடினால் வரி கூடட்டும், அது நியாயம். தமிழ் பேசிக்கொண்டு படியேறும் மலேசியத் தோட்டத் தொழிலாளியின் பேரனை, அயலான் என்று தனி வரிசையில் நிறுத்துவது நியாயமாகாது.

வரியைக் குறைத்ததற்காக மன்னனைக் கொண்டாடிய மக்கள் நாம். முதலாம் குலோத்துங்கனை இன்றும் 'சுங்கம் தவிர்த்த சோழன்' என்று அழைக்கிறோம். ஆனால் மக்களாட்சியில் வரியே வேண்டாம் என்பது நம் கொள்கையன்று. வரி வேண்டும்; தாங்குபவனிடம் வாங்க வேண்டும்; சுமப்பவனுக்குச் சேர வேண்டும்.

முன்வரிசைத் தோழரைப் பார்க்கிறேன். இப்போது அவர் முகத்தில் புன்னகை இல்லை. கையில் தாளும் எழுதுகோலும் இருக்கின்றன. அந்த 45 ரூபாயையும் 800 ரூபாயையும் குறித்துக்கொண்டிருக்கிறார் என்று நினைக்கிறேன். குறித்துக்கொள்ளுங்கள், நாளைக் காலை தேநீர்க் கடையில் நால்வரிடம் சொல்லுங்கள். அதற்காகத்தான் இவ்வளவும் பேசினேன்.